பட்டாளத்து முதுகு: ‘டக்’ என்ற சத்தத்தோடு வலி போய்விடுமா?

உங்கள் தெருவில் கட்டாயம் ஒரு ‘மிலிட்டரிக்காரர்’ இருப்பார். விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து, முகம் மழித்து, மீசையை நீவிவிட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். நடையில் இன்னமும் அணிவகுப்பின் மிடுக்கு இருக்கும். ஆனால் அவர் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு கை தொடையில், மறு கை இடுப்பில், பல்லைக் கடித்துக்கொண்டு எழுவார். “என்ன சார், இடுப்பு வலியா?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அந்த ‘ஒண்ணுமில்லை’தான் இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வானம் பார்த்த பூமிதான் அதிகம். பருத்தி, மக்காச்சோளம், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம். மழை பொய்த்த வருடங்களில் பட்டாளத்துக்குப் போவது இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட வழி. சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதிலேயே பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பியவர் சும்மா இருக்கிறாரா? அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலை வாசலில் செக்யூரிட்டி வேலை, இல்லாவிட்டால் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நாள் முழுக்க நிற்கும் வேலை. லீவு நாளில் சொந்தக் காடு. முதுகுக்கு ஓய்வு ஏது?

சர்வீஸில் இருந்த காலத்தில் அந்த முதுகு பட்டதையும் நினைத்துப் பாருங்கள். ‘பிட்டு’ என்று அவர்கள் சொல்லும் முதுகு மூட்டை, துப்பாக்கி, தண்ணீர், ரேஷன் எல்லாம் சேர்த்து இருபது கிலோவுக்குக் குறையாத சுமை. அதோடு மலை ஏற்றம். லாரியின் பின்புறத்திலிருந்து குதிப்பது. டிரைவராக இருந்தவர் என்றால் வருடக்கணக்கில் கரடுமுரடான பாதையில் வண்டியின் அதிர்வு முழுவதும் நேரே இடுப்பு எலும்பில்தான் இறங்கும். முதுகெலும்புக் கோவையில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஜவ்வு மாதிரி ஒரு மெத்தை இருக்கிறதே, ‘டிஸ்க்’ என்கிறோமே, அது இந்த அடியையெல்லாம் வாங்கி வாங்கிச் சீக்கிரம் தேய்கிறது.

இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. பட்டாளத்தில் இருந்தவரை தினமும் பி.டி. உண்டு. வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் இறுகி, முதுகெலும்புக்கு ஒரு கச்சை கட்டியது போல் தாங்கி நின்றன. வீட்டுக்கு வந்த மறுநாளே பி.டி. நின்றது. ஆறு மாதத்தில் தொந்தி வந்தது. கச்சை அவிழ்ந்துவிட்டது! தேய்ந்த டிஸ்க் அதுவரை பேசாமல் இருந்தது, இப்போது பேச ஆரம்பிக்கிறது. ‘சர்வீஸில் இல்லாத வலி, பென்ஷனில் எப்படி வந்தது?’ என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

சித்த மருத்துவத்தில் இந்த இடுப்பு முதுகு வலியை வாத நோய்களில் சேர்த்திருக்கிறோம். வாத நோய் எண்பது என்று வகுத்தவர் யூகி முனிவர். அதிகச் சுமை, அதிகக் குளிர், உறக்கமின்மை, நெடுவழி நடத்தல்… இவையெல்லாம் வாயுவைக் கெடுக்கும் என்பது நம் முறையின் பாலபாடம். ஒரு சிப்பாயின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதியது போல இல்லை?

அமெரிக்கப் பட்டாளத்தில் ஒரு கை வைத்தியம்

அங்கே ‘கைரோபிராக்டிக்’ என்று ஒரு வைத்தியம் இருக்கிறது. ‘கையால் செய்வது’ என்று அர்த்தம் வரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர். 1895-ல் அயோவா மாநிலத்தில் பால்மர் என்பவர் தொடங்கி வைத்தார். காது கேளாத ஒருவருக்கு முதுகெலும்பை அழுத்தியே காது கேட்க வைத்தேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். அந்தக் கதையை நாம் நம்பவேண்டியதில்லை. எல்லா நோயும் முதுகெலும்பு நகர்வதால்தான் வருகிறது என்ற அவருடைய வாதத்தையும் ஒதுக்கிவிடலாம். ஆனால் இடுப்பு வலி என்ற ஒரே விஷயத்தில் அந்தக் கைக்குப் பலன் இருப்பதாக அங்கே பலரும் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கென்று அரசாங்கமே நடத்தும் ஆஸ்பத்திரிகள் உண்டு. அவற்றில் இந்த வைத்தியத்தைச் சேர்க்கவேண்டும் என்று 1999-லும் 2002-லும் சட்டம் போட்டார்கள். 2004 கடைசியிலிருந்து ஆஸ்பத்திரிக்குள்ளேயே கைரோபிராக்டிக் பிரிவுகள் வந்தன. 2005-ல் அங்கே சிகிச்சை பெற்ற முன்னாள் வீரர்கள் 4,052 பேர். பத்து வருடம் கழித்து, 2015-ல் 37,349 பேர்! வலி மாத்திரையே பழக்கமாகி அடிமையானவர்கள் அந்த நாட்டில் ஏராளம். மருந்தில்லாத வழிகளைத் தேடியதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பணியில் இருக்கும் அமெரிக்கப் படையினரில் இடுப்பு வலிக்காரர்கள் 750 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு கைரோபிராக்டிக்கும் சேர்த்து. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலியும் குறைவு, அன்றாட வேலைகளில் இருந்த முடக்கமும் குறைவு. வித்தியாசம் மிதமானதுதான், மாயமந்திரம் இல்லை. அவர்கள் வயது ஐம்பதைத் தாண்டாதவர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நம் ஊர் அறுபத்தைந்து வயது சுபேதாருக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது.

எனக்கு அந்தக் கதையில் பெரிதாகப் பட்டது ‘டக்’ என்று எலும்பைச் சொடுக்கும் வித்தை அல்ல. கை வைக்கிறவரும், எக்ஸ்ரே எடுக்கிறவரும், மருந்து எழுதுகிறவரும் ஒரே கூரையின் கீழே ஒரே கேஸ் ஷீட்டைப் பார்க்கிறார்கள் அல்லவா, அதுதான். நம் ஊரிலே? தைலம் தேய்க்கிறவருக்கு எக்ஸ்ரே தெரியாது. மாத்திரை எழுதிய டாக்டருக்குத் தைலக்காரர் இடுப்பில் ஏறி மிதித்தது தெரியாது. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது நம் மிலிட்டரிக்காரரின் முதுகு.

அந்தச் சத்தம் என்ன?

“டாக்டர் ஐயா, டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. விலகின எலும்பு உட்கார்ந்துடுச்சுன்னு சொன்னார்” என்று பலர் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். எலும்பு எங்கேயும் போகவும் இல்லை, வந்து உட்காரவும் இல்லை. மூட்டுக்குள் வழுவழுப்பான ஒரு நீர் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுத்தால் அதற்குள் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உண்டாகிறது. விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் இதே சத்தம்தான். 2015-ல் கனடாவில் விரல் மூட்டை இழுக்கும்போதே ஸ்கேன் படம் எடுத்துக் குமிழி தோன்றுவதைக் காட்டிவிட்டார்கள். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்பதெல்லாம் கிடையாது. அந்த நேரத்தில் தசையின் இறுக்கம் தளர்கிறது, நரம்பு கொஞ்ச நேரம் வலியை மறக்கிறது. அந்த இடைவெளியில் எழுந்து நடந்து பழகினால் லாபம். ‘சரியாயிடுச்சு’ என்று மறுநாளே வெங்காய மூட்டை தூக்கினால் நஷ்டம்.

பிதுங்கிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ள முடியாது. ஆனால் பலருக்கு அது சில மாதங்களில் தானாகவே சுருங்குகிறது. அந்த மாதங்களை வலி குறைவாகக் கடக்க உதவுவதுதான் எங்கள் கையின் வேலை.

நம்மிடம் இருக்கும் கை

கைரோபிராக்டிக் வைத்தியரைத் தேடிக்கொண்டு வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் நீங்கள் அலையவேண்டாம். அந்தத் துறைக்கென்று சட்டப்படி பதிவு செய்யும் கவுன்சில் நம் நாட்டில் இல்லை. போர்டு மாட்டியவர் என்ன படித்தார் என்று நீங்கள் சரிபார்க்க வழியும் இல்லை. நம்மிடம் தொக்கணம் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் புற மருந்துகள் 32-ல் அதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. எல்லாம் எல்லோருக்கும் அல்ல. வயதான முதுகில் முறுக்கலுக்கும் இழுத்தலுக்கும் நான் போவதேயில்லை. பிடித்தலும் மெல்லிய அழுத்தலும் போதும்.

வர்மம் தனி சாஸ்திரம். 108 இடங்கள். அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எந்த இடம், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்பதை ஆசானிடம் வருடக்கணக்கில் இருந்து கற்கவேண்டும். ‘வர்மம்’ என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு பார்த்தவுடன் முதுகைக் காட்டிவிடாதீர்கள். சித்த மருத்துவப் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, மிலிட்டரியில் ‘அடையாள அட்டை காட்டு’ என்று நீங்கள் கேட்டதில்லையா? அரசாங்கத்தின் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. சென்னை போக முடிந்தவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், 2005-லிருந்து.

அமெரிக்காவில் 750 பேரை வைத்துச் செய்தது போல, தொக்கணத்துக்கும் முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் நம் முன்னாள் வீரர்களை வைத்தே நடக்கவேண்டும். 2022-ல் பாதுகாப்புத் துறை தன் கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரிகள் 37-ல் ஆயுர்வேதப் பிரிவு தொடங்க முடிவு செய்தது. நல்ல காரியம். ‘சித்தா எங்கே சார்?’ என்று நான் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது!

கழுத்தில் விளையாட்டு வேண்டாம்

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து இப்படி ஒரு திருப்பு, அப்படி ஒரு திருப்பு… ‘டக், டக்’. சுகமாகத்தான் இருக்கிறது. கடைக்காரரும் அன்பாகத்தான் செய்கிறார். ஆனால் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. சட்டென்று முறுக்கும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து, இரத்தம் கட்டி, பக்கவாதம் வந்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் திருப்பித் தரமுடியாத நஷ்டம். ஆகவே “தலையை மட்டும் திருப்பாதீங்க, தோளைப் பிடிச்சு விடுங்க போதும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுத்தைத் திருப்பிய பிறகு தலை சுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, முன்பு வராத மாதிரி கடுமையான கழுத்துவலி என்று எது வந்தாலும் படுத்துத் தூங்கிப் பார்க்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

கை வைக்கவே கூடாத முதுகு

ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு முன்னாள் ஹவில்தார் வந்தார். மூன்று வாரமாக யாரோ ஒருவர் தினமும் தைலம் போட்டு அழுத்தியிருக்கிறார். “வலி குறைஞ்சிடுச்சு ஐயா, ஆனா செருப்பு கால்ல நிக்க மாட்டேங்குது, கழண்டு கழண்டு விழுது” என்றார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. வலி குறைந்தது நல்லதற்கு அல்ல, நரம்பு அழுந்தி உணர்வு போய்க்கொண்டிருந்தது. தைலப் புட்டியைத் தொடாமல் அன்றைக்கே திருச்சிக்கு அனுப்பினேன். ஆபரேஷன் ஆனது. இப்போது நடக்கிறார், ஆனால் அந்தப் பாதம் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை.

சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாவிட்டாலோ, மணிக்கணக்கில் கூடத் தாமதிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அடுத்து, இடுப்பு வலியோடு மாலையில் காய்ச்சல், எடை குறைவு, படுத்தால்கூட விடாத இரவு வலி இருந்தால் முதலில் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவது இன்னமும் உண்டு. அதன் மேல் ஏறி அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. சமீபத்தில் கீழே விழுந்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், இருதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எப்போதாவது புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள்… இவர்களும் டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை யாரையும் முதுகில் கை வைக்க விடாதீர்கள்.

மாத்திரை, ஊசி, ‘கேண்டீன் மருந்து’

வலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் போய் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இரண்டு நாள், மூன்று நாள் டாக்டர் சொல்லிச் சாப்பிட்டால் சரி. வருடக்கணக்கில் தினம் ஒன்று என்றால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் கோளாறு. பிணந்தின்னிக் கழுகுகள் ஏன் காணாமல் போயின தெரியுமா? மாடுகளுக்குப் போட்ட இதே டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குப் போய் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அதனால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதன் கழுகு அல்ல, அந்த அளவுக்கு மென்மையும் இல்லை. ஆனால் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உள்ள அறுபது வயதுக்காரரின் சிறுநீரகம் அப்படியொன்றும் இரும்பு இல்லை.

என் துறைக்காரர்களையும் விட்டுவிடப்போவதில்லை. லேபிள் இல்லாத பொட்டலத்தில் ஒரு பொடி, இரண்டே நாளில் வலி பறந்துபோகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்த பிறகுதான் தெரியவரும். உள்மருந்து எதையும் இந்தக் கட்டுரையில் நான் எழுதாததற்குக் காரணமும் இதுதான், ஆளைப் பார்க்காமல் சொல்லக்கூடாது.

கேண்டீன் ரம்? அதைத் தேய்க்கிறேன் என்பவர்கள் உண்டு, “உள்ளே போனாலும் வலிக்கு நல்லதுதானே சார்” என்பவர்களும் உண்டு! வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் குடலில் இரத்தக் கசிவு. அவ்வளவுதான் சொல்வேன்.

மஞ்சள் பையில் என்ன இருக்கவேண்டும்?

2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம் பென்ஷன் வாங்கும் முன்னாள் வீரர்களுக்காகவே உள்ளது. திருச்சி பாலிகிளினிக்குக்குப் போவது ஒரு நாள் வேலை என்று பலர் அட்டையைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ்ஸில் இடுப்பு வலியோடு போவது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். பாடாலூரில் இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். அரியலூர்க்காரர்கள் ரயிலில் போகலாம், எழுந்து நடக்க வசதி.

கை வைத்தியரிடம் போனாலும் சரி, பாலிகிளினிக் போனாலும் சரி, ஒரே பையை எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு எழுதிய தாள், எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படம், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள். சர்வீஸில் எங்கே விழுந்தீர்கள், எந்த ஆண்டு, எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தைலம் தேய்த்தால் பாலிகிளினிக் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். நானும் என்னிடம் வருகிறவர்களுக்கு என்ன செய்தேன் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரே கூரையின் கீழே நடப்பதை நாம் ஒரு மஞ்சள் பையில் நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டில் செய்யக்கூடியது

வேலி ஓரத்து நொச்சி இலை இரண்டு கைப்பிடி. கிடைத்தால் வாதநாராயணன் இலையும் ஒரு பிடி. இரும்புச் சட்டியில் ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, பருத்தித் துணியில் மூட்டை கட்டி, இடுப்பில் ஒற்றி ஒற்றி எடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. சூட்டை முதலில் வீட்டில் இன்னொருவர் தன் புறங்கையில் வைத்துப் பார்க்கவேண்டும். சர்க்கரை நோயால் உணர்வு மங்கியவருக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் கொப்புளம் தெரியும்.

படுக்கை ஓய்வு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். பிறகு நடை. முதல் வாரம் வீட்டு வாசலில் பத்து நிமிடம், அப்புறம் மெல்லக் கூட்டி அரை மணி. பழைய பி.டி. ஞாபகத்தில் குனிந்து கால் விரலைத் தொடுவது, படுத்தபடி சட்டென்று எழுந்து உட்காருவது, இரண்டும் இப்போது வேண்டாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கிப் பத்து எண்ணி இறக்குங்கள். ஐந்து முறையில் ஆரம்பியுங்கள். அவிழ்ந்த கச்சையைத் திரும்பக் கட்டும் வேலை இது. ஆறு வாரமாவது ஆகும், பொறுமை வேண்டும். வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக வீட்டு அம்மாவைப் பற்றி. இவர் எல்லையில் நின்ற பதினைந்து, இருபது வருடமும் காட்டில் குனிந்து வெங்காயம் நட்டு, தலையில் மூட்டை சுமந்து, குடும்பத்தைத் தூக்கியவர் அவர். கணவருக்கு ஒற்றடம் கொடுக்கும்போது அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். இ.சி.எச்.எஸ்.ஸில் மனைவிக்கும் சிகிச்சை உண்டு. அடுத்த முறை திருச்சி போகும்போது அவருடைய அட்டையையும் பையில் போட்டு, அவரையும் கூட்டிப் போங்கள்.